கடாரத் தோட்டங்களில் வாய்ப்புற்று: பழி இரத்தத்திற்கா, பழக்கத்திற்கா?

மலாய் மொழியில் 'பினாங்' என்பது பாக்கைக் குறிக்கும் சொல். கெடா மாநிலத்தின் கரைக்கு எதிரே கடலில் கிடக்கும் தீவு அச்சொல்லையே தன் பெயராகக் கொண்டது. கெடா சுல்தானின் ஆட்சியில் இருந்த அத்தீவில் 1786-ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் என்ற ஆங்கிலேயர் தம் நாட்டுக் கொடியை ஏற்றினார். அதன் பின்னர் அத்துறைமுகம் பாக்கு வாணிகத்திற்கும் பெயர் பெற்றது. சுமத்திராவின் அச்சேக் கரையில் விளைந்த பாக்கு அங்கே வந்து குவிந்து, இந்தியாவுக்கும் சீனத்துக்கும் கப்பலேறியது. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களை நாடிச் சென்ற தமிழரிற் பெரும்பாலோர் கரையிறங்கியதும் அந்தப் பாக்குத் தீவில்தான். அவர்களோடு வெற்றிலைப் பையும் பாக்குவெட்டியும் சுண்ணாம்புக் கரண்டகமும் கடல் கடந்தன. கூடவே, எவரும் அறியாத வகையில், ஒரு நோயின் வரலாறும் அக்கரை சேர்ந்தது.

அந்த நோய் வாய்ப்புற்று. மலேசிய மருத்துவ ஏடுகளில் இது நெடுங்காலமாக 'இந்தியர்' என்ற தலைப்பின் கீழேயே மிகுதியாகப் பதிவாகி வந்திருக்கிறது. அதனால் இந்த நோய் இந்தியரின் இரத்தத்திலேயே ஊறியது என்ற எண்ணம் படித்தவரிடத்தும் பாமரரிடத்தும் பரவிற்று. இந்த எண்ணம் எவ்வளவு தூரம் உண்மை? பரம்பரைக்கு இதில் பங்கு உண்டா? உண்டெனில் எவ்வளவு? இக்கேள்விகளுக்கு விடை தேட, தோட்டத்தின் வரலாற்றையும் மரபணு விஞ்ஞானத்தின் வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

லயத்தில் வெற்றிலை

கெடா தமிழருக்குப் புதிய நாடன்று. 1025-ஆம் ஆண்டை ஒட்டி இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இதுவே என்பது வரலாற்றறிஞர் கொள்கை. ஆயினும் அங்குள்ள இன்றைய தமிழ்க் குடிகளின் கதை சோழரோடு தொடங்குவதன்று, ரப்பரோடு தொடங்குவது. 1909-ஆம் ஆண்டின் பாங்காக் உடன்படிக்கையால் சயாம் தன் மேலாதிக்க உரிமையைப் பிரிட்டனிடம் விட்டது. அதையொட்டிய ஆண்டுகளில் சுங்கை பட்டாணி, பீடோங், கூலிம், லூனாஸ், பாடாங் செராய் முதலிய ஊர்களைச் சுற்றிக் காடுகள் அழிந்து பால்மரத் தோட்டங்கள் எழுந்தன. கங்காணிமார் தத்தம் ஊர்களிலிருந்து ஆட்களைத் திரட்டி அழைத்துச் சென்றனர். 1938-ஆம் ஆண்டில் இந்திய அரசு இவ்வகை ஆள் சேர்ப்பைத் தடை செய்யும்வரை இது நடந்தது.

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு பால்மரம் வெட்டப் போகும் வாழ்க்கையில் வெற்றிலைக்கு ஒரு தனி இடம் இருந்தது. பசியை அடக்க அது உதவியது; களைப்பை மறக்கச் செய்தது; வேலைக்கிடையே இரண்டு சொல் பேசிக்கொள்ள ஒரு சாக்காகவும் இருந்தது. கல்யாணத்திலும் காதுகுத்திலும் தாம்பூலம் மரியாதை ஆயிற்று. லயத்து வாசலில் புகையிலையும் சேர்ந்து பழக்கமாயிற்று. ஆண்கள் பலர் பீடிக்கும் சுருட்டுக்கும் மாறியபோதும், பெண்கள் வெற்றிலையை விடவில்லை. பிற்காலத்தில் மலேசிய இந்தியரிடையே ஆண்களைவிடப் பெண்களிடம் வாய்ப்புற்று அதிகம் காணப்பட்டதற்கு இந்தச் சிறு வரலாறே விளக்கமாகும்.

நெய்யூரிலிருந்து நேட்டால் வரை

வெற்றிலைக்கும் வாய்ப்புற்றுக்கும் தொடர்பு உண்டென்ற ஐயம் தாய்நாட்டிலேயே பழையது. 1902-ஆம் ஆண்டில் சென்னையில் அறுவை மருத்துவராக இருந்த நிப்லாக் இந்தத் தொடர்பைப் பற்றி எழுதினார். 1933-இல் ஐயன் ஆர் என்ற மருத்துவர், அந்நாளில் தென் திருவிதாங்கூரில் இருந்ததும் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் அடங்கியதுமான நெய்யூரில் தாம் கண்ட நோயாளிகளை ஆதாரமாகக் கொண்டு 'லான்செட்' ஏட்டில் விரிவாக எழுதினார். வெற்றிலையோடு புகையிலையை நெடுநேரம் கன்னத்தில் அடக்கி வைப்பதே கேட்டுக்கு வழி என்பது அவர் கண்ட முடிவு.

இந்தியர் குடியேறிய பிற நாடுகளும் இதற்குச் சாட்சி கூறின. 1952-இல் ஷ்வார்ட்ஸ் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஐந்து இந்தியப் பெண்களின் வாயில் ஒரு விசித்திரமான நோயைக் கண்டார். கன்னத்தின் உட்சதை நாராய் இறுகி, வாயைத் திறக்க இயலாமற் போகும் நோய் அது. பாக்கே அதற்கு முதற் காரணம் என்பதும், அது புற்றாக மாறக்கூடும் என்பதும் பின்னர்த் தெளிவாயின. 1966-இல் ஹிராயாமா என்ற ஜப்பானிய அறிஞர் உலக சுகாதார நிறுவனத்திற்காக மலாயா உட்பட ஆசிய நாடுகள் பலவற்றில் வாய்ப்புற்றை ஆராய்ந்து, வெற்றிலை மெல்லும் பழக்கத்தைச் சுட்டினார். 1969-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் இந்தியர் பற்றி வெளிவந்த ஆய்வும் வெற்றிலை மெல்லும் பழக்கத்தையே கருப்பொருளாகக் கொண்டிருந்தது. 1976-இல் கே. இராமநாதனும் எஸ். லட்சுமியும் மேற்கு மலேசியாவின் வாய்ப்புற்று நிலையை இனவாரியாக எடுத்துக்காட்டினர். மக்கள் தொகையிற் சிறுபான்மையரான இந்தியர், நோயாளிகளில் தம் தொகைக்கு மிஞ்சிய பங்கினராய் இருந்தனர்.

இவ்விடத்தில்தான் பொருள் கொள்வதில் ஒரு பிழை நேர்ந்தது. பதிவேட்டில் 'இனம்' என்றொரு கட்டம் இருந்தது. 'பழக்கம்' என்பதற்குப் பெரும்பாலும் கட்டம் இல்லை. கட்டத்தில் இருந்ததே காரணமாகக் கொள்ளப்பட்டது. ஆனால் தைவான் தீவில் புகையிலை சேர்க்காமலே பாக்கு மெல்லும் சீனருக்கும், பாப்புவா நியூகினியில் பாக்கும் சுண்ணாம்பும் மெல்லும் மக்களுக்கும் இதே நோய் மிகுதி. பாப்புவாவில் சுண்ணாம்பை வைக்கும் இடத்திலேயே புற்று எழுவதை 1992-இல் ஆய்வாளர் காட்டினர். மலேசியாவிலேயே பாக்கு மெல்லும் வழக்கமுள்ள சபா, சரவாக் பூர்வகுடியினரிடமும் புற்றுக்கு முன்னோடியான வாய்க்கோளாறுகள் மிகுந்திருந்தன. இவர்கள் எவரும் தமிழரின் இரத்த உறவினர் அல்லர். வெற்றிலைப் பெட்டியே இவர்களை ஒன்று சேர்க்கிறது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1985-இல் புகையிலை சேர்த்த தாம்பூலத்தையும், பின்னர் 2004-இல் வெளியிட்ட நூலில் புகையிலை சேராத தாம்பூலத்தையும் தனிப் பாக்கையுமே புற்று விளைவிப்பன எனத் தீர்த்துரைத்தது.

வயலும் மதகும்

இத்தோடு வழக்கு முடிந்துவிடவில்லை. ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருந்து, ஒரே கடைப் பாக்கை நாற்பது ஆண்டுகள் மென்ற இரு பெண்களில் ஒருத்திக்குப் புற்று வருகிறது. மற்றவள் எண்பது வயது வரை வாழ்கிறாள். இந்த வேறுபாட்டில் தற்செயலுக்கு ஒரு பங்கு உண்டு. உணவுக்கும் குடிக்கும் பங்கு உண்டு. பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. அந்தப் பரம்பரைப் பங்கு எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை இந்த நூற்றாண்டின் விஞ்ஞானமே கண்டு சொன்னது.

மனித உயிரணுவில் உள்ள டி.என்.ஏ. என்ற இழையை ஏறத்தாழ 300 கோடி எழுத்துக்கள் கொண்ட ஏடு எனலாம். அதில் சுமார் 20,000 மரபணுக்கள் புரதங்களைச் செய்யும் குறிப்புகளாக எழுதப்பட்டுள்ளன. ஆனால் அக்குறிப்புகள் முழு ஏட்டில் நூற்றுக்கு இரண்டு பங்கு கூட இல்லை. மீதி எதற்கு? 1972-இல் சுசுமு ஓனோ என்ற அறிஞர் பயனற்றது எனத் தோன்றிய பகுதியைக் 'குப்பை' என்ற சொல்லால் குறித்தார். ஆயினும் அதற்கு முன்பே, 1961-இல், பிரெஞ்சு நாட்டு ஜாக்கோபும் மோனோவும் நுண்ணுயிரை ஆராய்ந்து, மரபணுவைத் திறக்கவும் மூடவும் தனி ஏற்பாடு உண்டென்று காட்டியிருந்தனர். மனிதரிடத்திலும் அத்தகைய ஏற்பாடுகள் அந்தக் 'குப்பை'க்குள்ளேயே ஆயிரமாயிரமாய்ப் பரந்து கிடப்பதைப் பின்னாளைய ஆராய்ச்சிகள் வெளிப்படுத்தின.

இதனை விளக்கக் கெடாவின் நெல்வயல்களே போதும். 1885-ஆம் ஆண்டில் தொடங்கி வெட்டப்பட்ட வான் மாட் சமான் கால்வாய் அலோர் ஸ்டாரின் தெற்கே சதுப்பு நிலத்தை வயலாக்கியது. வயலில் நல்ல விதை இருக்கலாம்; மண்ணும் வளமானதாக இருக்கலாம். எங்கோ தொலைவில் உள்ள மதகு சற்று அதிகம் திறந்தால் பயிர் அழுகும். சற்றுக் குறைவாகத் திறந்தால் பயிர் காயும். மரபணு என்பது வயல். புரதக் குறிப்பு எழுதப்படாத பகுதியில் உள்ள சில துண்டுகள் மதகுகள். மதகில் ஓரெழுத்து மாறினால் புரதம் பழுதாவதில்லை. அது எங்கே, எப்போது, எவ்வளவு உண்டாகும் என்பதே மாறுகிறது.

இதற்கு நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு எட்டாவது நிறப்புரியில் உள்ளது. 2007-இல், அங்குள்ள ஓரெழுத்து மாற்றம் பெருங்குடற் புற்றோடும் ஆண்களின் சுக்கிலச் சுரப்பிப் புற்றோடும் தொடர்புடையது எனத் தெரிந்தது. ஆனால் அவ்விடத்தில் மரபணு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. ஆராய்ந்தவர் திகைத்தனர். மூன்று லட்சம் எழுத்துக்களுக்கு அப்பால், உயிரணுவைப் பெருகச் செய்யும் 'மிக்' என்ற மரபணு இருந்தது. 2009-இல் புதிர் அவிழ்ந்தது. டி.என்.ஏ. இழை வளைந்து வந்து, தொலைவிலுள்ள மதகை மரபணுவின் வாயிலோடு சேர்க்கிறது. அந்த ஓரெழுத்து மாற்றம், மதகைத் திறக்கும் புரதம் அங்கே இன்னும் இறுகப் பற்ற இடம் தருகிறது. 2012-இல் அந்த மதகை நீக்கிய சுண்டெலிகளுக்குக் குடற்கட்டிகள் வெகுவாகக் குறைந்தன. மனிதரில் புற்றுநோய்ப் போக்கோடு தொடர்புடையனவாகக் கண்டறியப்பட்ட பரம்பரை மாற்றங்களிற் பெரும்பாலானவை இவ்வாறே புரதக் குறிப்புக்கு வெளியே உள்ளன.

வாய்க்குள் நிகழ்வது

வாய்ப்புற்றிலும் இத்தகைய மதகுகளின் கதை உண்டு. சாதாரண உயிரணு இத்தனை முறைதான் பிளந்து பெருகலாம் என்றொரு கணக்குக்கு உட்பட்டது. அக்கணக்கை மீற உதவுவது டெலோமரேஸ் என்ற நொதி. வளர்ந்த உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அதன் மரபணு அடைபட்டே இருக்கும். 2013-இல் தோற்புற்றை ஆராய்ந்தவர்கள், அம்மரபணுவின் வாயிலில் குறிப்பிட்ட இரண்டு இடங்களில் ஏதேனும் ஒன்றில் ஓரெழுத்து மாறினாலே அது திறந்துகொள்வதைக் கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வில், இந்திய நோயாளிகளின் வாய்ப்புற்றுக் கட்டிகளிலும் இதே மாற்றங்கள் அடிக்கடி காணப்பட்டன.

இங்கே ஒரு வேற்றுமையை மறக்கலாகாது. கட்டிகளில் கண்ட இம்மாற்றம் தாய் தந்தையர் தந்ததன்று, வாழ்நாளில் நேர்ந்தது. பாக்கிலுள்ள அரிக்கோலின் முதலிய பொருள்களிலிருந்து நைட்ரோசமின்கள் என்ற நச்சுகள் பிறக்கின்றன. சுண்ணாம்பின் காரம் பாக்கோடு சேரும்போது டி.என்.ஏ.வைக் கெடுக்கும் ஆக்சிஜன் மூலகங்கள் எழுகின்றன. புகையிலை தன் நச்சுகளையும் சேர்க்கிறது. புண்பட்ட சதை மீண்டும் மீண்டும் ஆறப் பார்க்கையில் உயிரணுக்கள் பெருகுகின்றன. பெருகுந்தோறும் எழுத்துப் பிழை நேர வாய்ப்பு மிகுகிறது. பிறப்போடு வந்த மதகுகள் சற்றுத் தளர்ந்திருப்பவரிடத்தில், வாழ்நாளில் நேரும் பிழைகள் எளிதில் வேலை செய்யக்கூடும்.

அந்தப் பிறப்புப் பங்கின் அளவு என்ன? மேலே கூறிய எட்டாம் நிறப்புரியின் மாற்றம் பெருங்குடற் புற்றின் வாய்ப்பை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே கூட்டுகிறது. இவ்வகைப் பரம்பரை மாற்றங்கள் பெரும்பாலும் தனித்தனியே சிறியவை. பழக்கத்தின் பங்கோ வேறு. பல நாட்டு ஆய்வுகளை ஒன்று சேர்த்து 2014-இல் வெளிவந்த கணக்கின்படி, இந்தியத் துணைக்கண்டத்தில் புகையிலை சேர்த்து வெற்றிலை மெல்லுபவருக்கு வாய்ப்புற்று வரும் வாய்ப்பு மெல்லாதவரைவிட ஏழு மடங்குக்கும் மேல். புகையிலை இன்றி மெல்லுபவருக்கும் இரண்டரை மடங்கு. மதகு சற்றுத் தளர்ந்தது ஒரு காரணமே. ஆயினும் வெள்ளத்தை அனுப்பியது வெற்றிலைப் பெட்டி.

கணக்கில் வராத மக்கள்

அப்படியாயின் பரம்பரையை ஆராய்வது வீணா என்றால், வீணன்று. மெல்லுபவருள் யாரை முதலில் சோதிக்க வேண்டும், யாருடைய வெண்படலம் புற்றாகும், யாருக்கு எந்த மருந்து ஏற்கும் என்பவற்றை அது ஒரு நாள் சொல்லக்கூடும். ஆனால் அவ்வறிவு எவரிடமிருந்து திரட்டப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 2016-இல் வாய், தொண்டைப் புற்றுகளின் பரம்பரை இடங்களைத் தேடிய ஒரு பேராய்வு 6,034 நோயாளிகளையும் 6,585 நலமுள்ளவர்களையும் ஒப்பிட்டு ஏழு புதிய இடங்களைக் கண்டது. அவர்கள் ஐரோப்பாவையும் இரு அமெரிக்கக் கண்டங்களையும் சேர்ந்தவர்கள். அங்கே நோய்க்குக் காரணம் பெரும்பாலும் சிகரெட்டும் மதுவும், பாக்கு அன்று. அதே ஆண்டில் எடுத்த ஒரு கணக்கின்படி, உலகெங்கும் இவ்வகை மரபணு ஆய்வுகளில் பங்கு கொண்டவர்களுள் நூற்றுக்கு 81 பேர் ஐரோப்பிய வழியினர்.

ஓரினத்தில் அடிக்கடி காணும் எழுத்து மாற்றம் மற்றோரினத்தில் அரிதாக இருக்கலாம். ஓரிடத்து மாற்றத்தை அடையாளமாகக் கொண்டு அடுத்த இடத்து மாற்றத்தை ஊகிக்கும் முறையும் இனத்துக்கு இனம் பிசகும். ஆகவே பிற நாட்டு அளவுகோலைக் கொண்டுவந்து கூலிம் தோட்டத்துப் பாட்டியை அளப்பது, நெல் அளக்கும் மரக்காலால் பொன் அளப்பது போலாகும். இக்குறையைப் போக்கும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மலாயாப் பல்கலைக்கழகத்து வாய்ப்புற்று ஆய்வு மையம் மலேசிய நோயாளிகளின் விவரங்களையும் திசுக்களையும் சேமித்து வருகிறது. இந்தியாவில் 'ஜீனோம் இந்தியா' திட்டம் 10,000 பேரின் டி.என்.ஏ. ஏட்டைப் படித்து முடித்ததாக 2024-இல் அறிவித்தது. தோட்டக் குடிகள் இத்தகைய கணக்குகளில் எவ்வளவு சேர்கின்றனரோ, அவ்வளவே அவற்றின் பயனும் அவர்களுக்குக் கிட்டும்.

விளக்கும் கண்ணாடியும்

அந்தப் பயன் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996-இல் ஒரு சோதனை தொடங்கியது. பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, விளக்கொளியில் மக்களின் வாயை வெறுங்கண்ணால் பார்த்தனர். 2005-இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களுள் வாய்ப்புற்றால் நேரும் சாவு நூற்றுக்கு 34 பங்கு குறைந்தது. மலேசிய சுகாதார அமைச்சும் 1997 முதல், ஆபத்து மிகுந்த மக்களைத் தேடிச் சென்று வாயைச் சோதிக்கும் திட்டத்தை நடத்தி வந்துள்ளது. தோட்டத்து இந்தியர் அதில் முதன்மையானவர்.

ஆனால் தோட்டமே கலைந்து வருகிறது. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனையும், செம்பனை இருந்த இடத்தில் வீட்டு மனைகளும் வந்தன. லயத்துக் குடும்பங்கள் சுங்கை பட்டாணியின் தாமான்களிலும் கூலிமின் அடுக்குமாடி வீடுகளிலும் சிதறிக் குடியேறின. தோட்டத்தில் இருந்தால் பெரட்டுக் களத்தில் ஒரே காலையில் அனைவரையும் பார்த்துவிடலாம். நகரத்தில் வெற்றிலை மெல்லும் பாட்டி நாலு சுவருக்குள் இருக்கிறாள். அவளைத் தேடிப் போக வழி தெரியவில்லை. பேரப்பிள்ளைகள்தாம் அவளுக்குச் சுகாதார ஊழியராக வேண்டும். கன்னத்திலோ நாக்கோரத்திலோ வெண்படலம், செம்படலம், இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், வாயை முழுதும் திறக்க முடியாமை ஆகியவற்றில் எது தென்பட்டாலும் தாமதியாமல் பல் மருத்துவரிடம் காட்டுவது கடமை.

1946, 1947-ஆம் ஆண்டுகளில் கெடாவின் தோட்டத் தொழிலாளர் 'தொண்டர் படை' என்ற பெயரால் திரண்டு, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர். ஹார்வர்ட் தோட்டத்து ஏ.எம். சாமி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். 'கூலியென்றால் குடிகாரன்' என்று பிறர் எண்ணியதை அவர்கள் தங்கள் இரத்தத்தின் குணமாக ஏற்கவில்லை. கடையையும் அதை நடத்திய ஏற்பாட்டையும் சுட்டிக் காட்டினர். வாய்ப்புற்றுக்கும் அந்தத் தெளிவே வேண்டும்.

நோய் வந்தால் 'தலையெழுத்து' என்று சொல்லித் தேற்றிக்கொள்வது தமிழர் வழக்கம். மரபணுவும் ஒரு வகை எழுத்துத்தான். ஆனால் விஞ்ஞானம் அந்த எழுத்தை இதுவரை படித்துச் சொன்னது தண்டனைத் தீர்ப்பன்று. எங்கோ சில மதகுகள் சிறிது தளர்ந்திருக்கலாம் என்ற எச்சரிக்கையே அது. மதகு தளர்ந்த வீட்டார் வெள்ளம் வரும் வழியை முன்கூட்டியே அடைப்பது அறிவுடைமை. அந்த வழி இரத்தத்தில் இல்லை; கையிலிருக்கும் சுருக்குப்பையில் இருக்கிறது.